குளத்தில் விட்ட அசோலா

நான் விவசாயம் படித்தது ஒரு குமாஸ்தாவின் கைத்தவறால். பிளஸ் டூ என்று ஒன்று வந்து, அதில் தொழிற்கல்வி என்று புதிதாக ஒரு பிரிவும் வந்திருந்த சமயம். திருவண்ணாமலையில் நான் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் தையலும் இருந்தது, விவசாயமும் இருந்தது. நான் தையலுக்குத்தான் எழுதிக் கொடுத்தேன். பலகையில் ஒட்டிய பட்டியலில் என் பெயர் விவசாயத்தில் இருந்தது. எனக்கு அடுத்த எண்ணில் இருந்த, மீசை முளைத்த பையனுடைய பெயர் தையலில் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஆபீஸ் வாசலில் போய் நின்றோம்.

குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். "மேல அனுப்பியாச்சு. இனிமே மாத்த முடியாது. ரெண்டும் குனிஞ்சு செய்ற வேலைதானே, போங்க" என்றார்.

அந்தப் பையன் பின்னாளில் பெரிய தெருவில் நல்ல டெய்லர் ஆனான். எனக்கு அவனே இரண்டு முறை ரவிக்கை தைத்துக் கொடுத்திருக்கிறான்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். மலையைச் சுற்றுகிற பாதையை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் கழனி உண்டு. விஷயத்தைச் சொன்னதும் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாத்து நட நீ டவுனுக்குப் போவப் போறியா? நம்ம கழனில இல்லாத சேறா அங்க இருக்குது?" என்றார். அம்மா மட்டும், "படிக்கட்டும். எருமைக்கு ஏன் காய்ச்சல் வருதுன்னாவது வந்து சொல்லட்டும்" என்றாள்.

எங்கள் விவசாய ஆசிரியர் மிக நல்லவர். கரும்பலகையில் ஏர்க்கலப்பையை நாலு நிறச் சாக்பீஸில் வரைவார். மேழி எங்கே, கொழு எங்கே என்று அம்பு போட்டுக் காட்டுவார். ஆனால் அவருக்கு மாடு என்றால் பயம். செய்முறை வகுப்பன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் யாராவது ஒரு பையன் ஏர் ஓட்டுவான். ஆசிரியர் முள்வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, "இடது பக்கம்! இடது பக்கம்!" என்று கத்துவார். எங்கள் ஊர் மாட்டுக்கு அந்தத் தமிழ் புரியாது. அது நேராகப் போய் வேலியில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆசிரியர் அதற்குள் மாடிப்படியில் பாதி ஏறியிருப்பார்.

விதைகளை அடையாளம் காண்பதற்காகக் கண்ணாடிப் புட்டிகளில் வரிசையாக விதைகள் வைத்திருந்தார்கள். அவற்றில் மல்லாட்டைப் புட்டி மட்டும் வாரத்துக்கு ஒரு முறை காலியாகிவிடும். பாடப்புத்தகம் நிலக்கடலை என்று சொல்கிற அதே சாமான்தான், எங்கள் பக்கம் மல்லாட்டை. பரீட்சைக்கு வெளியூரிலிருந்து வந்த அதிகாரி அந்தப் புட்டியைத் தூக்கி என்னிடம், "இது என்னம்மா?" என்று கேட்டார். உள்ளே மூன்று புளியங்கொட்டையும் ஒரு சட்டைப் பித்தானும் இருந்தன. நான் புட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, "நிலக்கடலை சார்" என்றேன். முழு மதிப்பெண் போட்டார்.

இப்படிப் படித்துத் தேறி வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஊரில் இளம் உழவர் மன்றம் தொடங்கினார்கள். ஊருக்கு ஒரு மன்றம் இருக்க வேண்டும், பதினைந்து வயதிலிருந்து முப்பத்தைந்து வயது வரை ஆர்வமுள்ளவர்கள் சேரலாம் என்று பிளாக் ஆபீஸிலிருந்து தாள் வந்தது. தாளோடு ஒரு ரேடியோவும் வந்தது. பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு சின்ன அறையை ஒழித்து ரேடியோவை வைத்தோம். சாயங்காலம் விவசாய நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு அதைப் பற்றிக் கூடிப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. நிகழ்ச்சிக்கு அடுத்தாற்போல் சினிமாப் பாட்டு வருமாதலால் கூட்டம் நன்றாகவே சேர்ந்தது.

தலைவர் என் சித்தப்பா, அப்பாவின் பெரியப்பா மகன். கஞ்சி போட்ட வேட்டி சட்டை, சட்டைப் பையில் மை கசிகிற பேனா, எப்போதும் எங்கோ கூட்டத்துக்குக் கிளம்புகிற நடை. காதோரம் நரைத்திருந்தது. வயதைக் கேட்டால் முப்பத்து நாலு என்பார். மன்றம் இருந்த காலம் முழுக்க அவருக்கு முப்பத்து நாலுதான். செயலாளருக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், விவசாயமும் படித்திருந்தால் நல்லது என்று தாளில் இருந்ததால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். ஊரில் விவசாயம் படித்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

"பாப்பா, வூட்ல நான் உனக்குச் சித்தப்பா. இங்க வந்தா தலைவர் அவர்களே. மறந்துடாத" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

தீர்மானப் புத்தகம் என் பொறுப்பு. முதல் பக்கத்தில் நான் எழுதியது இன்றும் நினைவிருக்கிறது: "கூட்டத்தின் நடுவில் உள்ளே வந்த எருமையை வெளியே ஓட்டுவது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

மன்றத்தில் இன்னொரு முக்கியமான ஆள், டவுனில் தகரக்கடை வைத்திருந்த பாய். இருபத்தைந்து வயது இருக்கும். அவர்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக டவுனில் வாளியும் பூவாளியும் செய்கிற குடும்பம். மன்றத்துக்குக் கொடுத்த மருந்தடிக்கிற ஸ்பிரேயர் முதல் நாளே ஒழுக, அதைப் பற்றவைக்க சைக்கிளில் வந்தவர், ரேடியோவில் ஏதோ கோழி வளர்ப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் வந்தார். ஒரு சாண் நிலம் கிடையாது. "ஆர்வமுள்ளவங்கன்னுதானே போட்டிருக்குது? எனக்கு ஆர்வம் ஜாஸ்திங்க" என்றார். சேர்த்துக்கொண்டோம்.

ஐப்பசி மாசம் வேலூர்ப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்று நாள் பயிற்சி என்று கடிதம் வந்தது. தலைவரும் செயலாளரும் இன்னும் ஓர் உறுப்பினரும் வர வேண்டும். சித்தப்பாவும் பாயும் நானும் கிளம்பினோம். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது என்று அப்பா அம்மாவையும் கூட அனுப்பினார். அம்மா சும்மா உட்காரத் தெரியாதவள். விதைக்கு வைத்திருந்த மல்லாட்டையை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு வந்தாள். வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பட் பட் என்று உரித்தாள். முதல் நாள் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் கை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வகுப்பே உரித்தது. பாடம் நடத்திய அம்மாள்கூட ஒரு கைப்பிடியை மேசைமேல் வைத்துக்கொண்டு, உரித்துக்கொண்டே தழைச்சத்து பற்றிப் பேசினார்.

அந்த மூன்றாம் நாள்தான் அசோலாவைக் காட்டினார்கள். தண்ணீரில் மிதக்கிற, நகக்கண் அளவுள்ள சின்னப் பச்சைச் செடி. காற்றிலிருக்கிற தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தானே பிடித்து வைத்துக்கொள்ளும். நடவு வயலில் விட்டு, அப்புறம் மிதித்துச் சேற்றில் அமுக்கிவிட்டால் உரச் செலவு குறையும். சில நாளில் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும் என்றார்கள். எல்லோரும் வாயைப் பிளந்தோம். மன்றத்துக்கு ஒரு கைப்பிடி வீதம் ஈரத்தோடு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

சித்தப்பாவுக்கு அந்தப் பெயர் மட்டும் நாக்கில் நிற்கவில்லை. பயிற்சி முடிந்து வெளியே வருவதற்குள் அது அசோகா ஆகிவிட்டது.

பஸ்ஸில் அந்தப் பையை மேலே வைக்க விடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, கீரையா?"

பெரியவரே என்றது சித்தப்பாவுக்குச் சுருக்கென்றது. "கீரை இல்லப்பா. இது விஞ்ஞானம்."

"விஞ்ஞானம் ஒழுவுது பாருங்க. வேட்டி நனையுது."

ஊர் வந்து சேர்ந்தபோது சித்தப்பா இறங்கிய விதத்தைப் பார்த்து டீக்கடையில் இருந்தவர்கள் வேறு ஏதோ நினைத்துக்கொண்டார்கள். அது தண்ணீர்தான் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பையைக் காட்டி விளக்கினார்.

பாய் இரண்டு நாளில் ஆறடி நீளத்துக்குத் தகரத் தொட்டி செய்து, சைக்கிள் பின்னால் குறுக்காகக் கட்டிக்கொண்டு வந்தார். செங்கம் ரோடில் எதிரே வந்த வண்டிகளெல்லாம் அவருக்கு வழிவிட்டு ஓரம் போனதாகச் சொன்னார். தொட்டியைப் பஞ்சாயத்துக் கட்டடத்துக்குப் பின்னால், முருங்கை மரத்து நிழலில் வைத்தோம். சாணியைக் கரைத்து ஊற்றினோம். சித்தப்பா கற்பூரம் காட்டிவிட்டு அந்தக் கைப்பிடியைத் தூவினார்.

ஒரு வாரத்தில் தொட்டி மூடிவிட்டது. எடுத்து அண்டாவில் போட்டோம். அண்டா மூடிவிட்டது. பாய் இன்னொரு தொட்டி செய்தார். அதுவும் மூடியது. பாய் தினமும் டவுனிலிருந்து சைக்கிளில் வந்து அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பார். "கம்மியாத்தான்மா போட்டோம். இன்னா ஜாஸ்தி ஆவுது பாரு. தகரம் இப்படி வளந்தா நான் எங்கயோ போயிருப்பேன்" என்பார். கொஞ்சத்தைத் தன் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் வயலில் விட ஒருவரும் சம்மதிக்கவில்லை. சித்தப்பா கூடையைத் தூக்கிக்கொண்டு கழனி கழனியாகப் போனார். "களை எடுக்கவே ஆள் கெடைக்கல. நீ களையக் கொண்டாந்து வுடறியா?" என்று துரத்தினார்கள். எங்கள் அப்பாவே வரப்பில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

அதனால் மார்கழி மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். என் கையெழுத்தில் அழகாக இருக்கும்: "அசோலா மிகுதியாகிவிட்டபடியால், உபரியை ஊர்க் குளத்தில் விடுவது எனத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர் தலைவர். வழிமொழிந்தவர் பாய்."

இதில் என் தப்பைச் சொல்லிவிட வேண்டும். பயிற்சியில் நான் எடுத்த குறிப்பில், பொதுக் குளம் குட்டைகளில் விடக்கூடாது என்ற வரி இருந்தது. நானேதான் எழுதியிருந்தேன், அடியில் கோடுகூடப் போட்டிருந்தேன். எழுதியதைத் திருப்பிப் படிக்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

பொங்கலுக்குள் குளத்தைக் காணோம். குளம் இருந்த இடத்தில் புல்வெளி மாதிரி ஒன்று இருந்தது. ஒரு கல் எறிந்தால் பொத்தென்று ஓட்டை விழும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடிக்கொள்ளும். முதலில் மாட்டிக்கொண்டது ஒரு நாய். காக்கையைத் துரத்திக்கொண்டு முழு வேகத்தில் வந்தது, கரையைத் தாண்டியது, அப்புறம் இல்லை. பச்சையாக அந்தப் பக்கம் ஏறி வந்து, ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அந்த நாய் எந்தப் புல்லையும் மிதித்து நான் பார்க்கவில்லை.

தை மாதப் பௌர்ணமி அன்று மத்தியானத்திலிருந்தே மலை சுற்றுகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு வெள்ளைக்காரர். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தவர், காவி வேட்டி, மார்பு வரை தாடி, செருப்பு கிடையாது. யாரோடும் பேச மாட்டார். எங்கள் ஊரைத் தாண்டி அடிக்கடி நடந்து போவதால் எல்லோருக்கும் முகம் தெரியும். அன்று அவர் குளக்கரையில் நின்று அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் மன்றத்தின் வேலையைப் பார்க்கிறார். ஓடினார். நானும் தீர்மானப் புத்தகத்தோடு பின்னால் ஓடினேன். வெளிநாட்டவர் வருகை என்று எழுத வேண்டுமே.

"சார்! திஸ் அசோகா!" என்று சித்தப்பா ஆரம்பித்தார். "நைட்ரஜன்! ஃப்ரீ! ஃப்ரம் ஏர்!"

வெள்ளைக்காரர் தலையை மெல்ல ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலில் சித்தப்பாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இரண்டு கைகளையும் விரித்து, குளம் முழுவதையும் காட்ட வேண்டி, முகத்தை அவர் பக்கம் வைத்துக்கொண்டே பின்னால் நடக்க ஆரம்பித்தார். "ஆல் திஸ்! ஆல் திஸ் அசோகா! மை மன்றம்!"

"தலைவர் அவர்களே" என்றேன். அவர் காதில் விழவில்லை. "சித்தப்பா!" என்று கத்தினேன். அதற்குள் மன்றம் என்ற சொல்லோடு உள்ளே போய்விட்டார்.

குளம் அங்கே இடுப்பளவுதான். அவர் எழுந்து நின்றபோது தலை, மீசை, சட்டைப் பை எல்லாம் பச்சை. என்ன செய்வதென்று தெரியாமல், அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று, இரண்டு கையையும் கூப்பி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

வெள்ளைக்காரர் அதை மிகக் கவனமாகப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த பையைக் கரையில் வைத்தார். நிதானமாகத் தண்ணீரில் இறங்கினார். சித்தப்பா பக்கத்தில் போய் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டு எழுந்து, அதே மாதிரி மலையைப் பார்த்துக் கும்பிட்டார். தாடியெல்லாம் பச்சை.

பாதையில் வந்துகொண்டிருந்த போளூர்ப் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்தி என்னிடம், "ஏம்மா, இங்கயும் முழுவணுமா? எங்ககிட்ட யாருமே சொல்லலியே" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது. நான் சிரித்து முடிப்பதற்குள் ஏழெட்டுப் பேர் இறங்கிவிட்டார்கள். ஒரு பாட்டிலில் கொஞ்சம் பச்சையை மொண்டுகொண்டு போனவர்களும் உண்டு. அன்றைய தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், "பலரும் பங்கேற்றனர்" என்று எழுதினேன்.

ஊர் சும்மா இருக்குமா? துணி துவைக்கிற பெண்கள் பச்சைப் பொட்டு போட்ட வேட்டிகளைத் தூக்கிக்கொண்டு பஞ்சாயத்துக்கு வந்தார்கள். எருமைகள் கறுப்பாக இறங்கிப் பச்சையாக ஏறின. யாருடைய எருமை எது என்பதில் இரண்டு வீட்டுக்குச் சண்டை வந்தது. ஒரு வாரத்துக்குள் மன்றமே குளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் ரேடியோவைப் பிடுங்கிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மாவின் பழைய புடவையை வலையாக்கி, நாலு முனையிலும் ஆள் பிடித்து அள்ளினோம். பாய் டவுனிலிருந்து ஓட்டைத் தகரக் கரண்டிகள் செய்துகொண்டு வந்தார். சாயங்காலம் வரை அள்ளிக் கரையில் மலை மாதிரி குவித்துவிட்டுப் போவோம். விடிந்து வந்து பார்த்தால் குளம் திரும்பவும் பச்சை. நாலாம் நாள் நான் கரையில் உட்கார்ந்து அழுதேவிட்டேன். செயலாளர் என்ற பட்டம் வேண்டாம், தையல் படித்திருக்கலாம், எவ்வளவோ சேலைக்கு ஓரம் அடித்திருக்கலாம் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அம்மா அப்போது எருமையை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். எருமை நேராக அந்தக் குவியலுக்குப் போய் வாயை வைத்தது. வைத்த வாயை எடுக்கவில்லை.

"இன்னாத்துக்கு அழுவுற?" என்றாள் அம்மா. "பயிற்சில அந்த அம்மா சொன்னாங்களே, மாட்டுக்கும் குடுக்கலாம், நல்லா அலசிட்டு தவுட்டுல கலந்து வைன்னு. நீ எழுதலியா?"

எழுதவில்லை. அந்த நேரம் நான் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அன்றே அலசி, தவிட்டில் கலந்து வைத்தாள். எருமை அண்டாவின் அடியை நக்கியது. பத்து நாளில் பால் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று அம்மா பால்காரரிடம் சொன்னாள். அவ்வளவுதான். மறுநாள் காலை குளக்கரையில் கூடைகள். அதை அள்ளி எறியச் சொன்னவர்களே இப்போது, "அந்தத் தெருவுக்கு ரெண்டு கூட, எங்களுக்கு ஒண்ணா?" என்று சண்டைக்கு வந்தார்கள். சித்தப்பா கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முறை வைத்துப் பங்கிட்டார். வாழ்க்கையிலேயே அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில், அடி அண்ணாமலை மன்றம் அசோலா வளர்ப்பில் கண்டிருக்கும் வெற்றி பற்றி என்னை நாலு பக்கம் எழுதச் சொல்லி மேலே அனுப்பிவிட்டார்.

மேலே அனுப்பியதை அவர்கள் படித்துவிட்டார்கள். பெரிய அதிகாரி சித்திரை மாதம் நேரில் பார்க்க வரப்போவதாக வேலூரிலிருந்து கடிதம் வந்தது.

கடிதம் வந்தபோது பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அசோலா வெயில் தாங்காது என்பது எங்களுக்குத் தெரியாது. முதலில் ஓரம் சிவந்தது. பிறகு பழுப்பானது. மீதியை மாடுகள் பார்த்துக்கொண்டன. தொட்டிகளைக் கவனிக்கவே இல்லை, குளத்தில்தான் கொட்டிக் கிடக்கிறதே என்று விட்டிருந்தோம். அதிகாரி வருவதற்கு முந்தின நாள் போய்ப் பார்த்தால் குளம் பளிச்சென்று, மலை அதில் தலைகீழாகத் தெரிய, அவ்வளவு சுத்தமாக இருந்தது. அசோலா ஒரு நகக்கண் அளவுகூட இல்லை.

பாய் தன் வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டுபோனாரே என்று எனக்கு ஞாபகம் வந்தது. பாய் சைக்கிளில் பறந்தார். ஒரு மணி நேரத்தில் வெறும் கையோடு திரும்பி வந்தார்.

"எங்க அம்மா கோழிக்குப் போட்டுட்டாங்க" என்றார். "நேத்துதான். ஒரு நாள் முன்னாடி கேட்டிருக்கக் கூடாதான்னு என்னையே திட்டறாங்க."

சித்தப்பா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். மேலே முருங்கை மரம் கொத்துக் கொத்தாகத் தழைத்திருந்தது. அவர் முகம் மெல்ல மாறியதை நான் பார்த்தேன்.

"வேணாம் சித்தப்பா" என்றேன்.

"தலைவர் அவர்களே" என்று திருத்திவிட்டு, ஒரு கிளையை ஒடித்தார்.

மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து இலை இலையாக உருவித் தொட்டித் தண்ணீரில் தூவினோம். எட்டடி தள்ளி நின்று, கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு பார்த்தால் அசோலா மாதிரித்தான் இருந்தது. பாய் கண்ணைச் சுருக்காமல் பார்த்துவிட்டு, "சாம்பார் மாதிரி இருக்குது" என்றார்.

ஜீப் பத்து மணிக்கு வந்தது. அதிகாரி குள்ளமாக, தொப்பையோடு, வேர்த்துக் கொட்டிக்கொண்டு இறங்கினார். மாலை, சோடா எல்லாம் ஆயிற்று. தொட்டிப் பக்கம் அழைத்துப் போனோம். எட்டடி தள்ளி அவருக்கு நாற்காலி போட்டிருந்தோம். அவர் உட்காரவில்லை. நேரே தொட்டிக்குப் போனார்.

"இதுதான் அசோலாவா? படத்துல வேற மாதிரி இருந்துச்சே."

"அது வெளிநாட்டு ரகம் சார்" என்றார் சித்தப்பா. "இது நம்ம நாட்டு ரகம்."

அதிகாரி ஓர் இலையை எடுத்து முகர்ந்தார். "முருங்கை வாசனை வருதே."

"முருங்க நெழல்ல வளர்ந்தது சார். வாசனை எறங்கிடுச்சு."

அதிகாரி அந்த இலையை வாயில் போட்டு மென்றார். தலையை ஆட்டினார். பார்வையாளர் புத்தகத்தைக் கொடுங்கள் என்று என்னிடம் கை நீட்டினார். பேனாவைத் திறந்தார். "மிகவும் பாராட்டத்தக்க" என்று எழுதிவிட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஒரு குளம் நிறைய நிஜமாகவே வளர்த்திருக்கிறோம், நாய் விழுந்தது, தலைவர் விழுந்தார், நான் அழுதேன். அதெல்லாம் போய் முருங்கைக்கீரைக்குப் பாராட்டா?

"சார், அது முருங்கைக்கீரை" என்றேன்.

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். பாய் சைக்கிளைப் பார்த்தார்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தாமலே, "தெரியும்மா" என்றார். "எங்க வூட்லயும் மரம் இருக்குது. இந்த மாசம் நான் பார்க்கப் போன ஊர்ல எல்லாம் இதே கதைதான். ஒரு ஊர்ல கொத்தமல்லி போட்டிருந்தாங்க. ஒரு ஊர்ல பச்சை பெயின்ட் ஊத்தி வெச்சிருந்தாங்க. கிட்டத்துல வந்தது நீங்கதான்." பிறகு நிமிர்ந்து, "நெஜமா ஒரு தடவையாவது வளர்ந்துச்சா?" என்று கேட்டார்.

நான் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து மார்கழி மாதத்திலிருந்து வாசித்தேன். உபரியைக் குளத்தில் விட்ட தீர்மானத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பலரும் பங்கேற்றனர்" என்ற இடத்தில் என்ன பங்கேற்பு என்று கேட்டார், சொன்னேன். வெள்ளைக்காரரின் முழுக்குக்கு வந்தபோது அவருக்கு மூச்சு முட்டி, டிரைவர் ஓடிவந்து முதுகில் தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தப்பாவைப் பார்ப்பார், திரும்பவும் ஆரம்பித்துவிடுவார். முதலில் விறைத்து நின்ற சித்தப்பாவும் கடைசியில் சிரித்துவிட்டார். தானே கையை விரித்து, எப்படிப் பின்னால் நடந்தேன் என்று நடந்தும் காட்டினார். பாய் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா இதற்குள் வந்து தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளோ கீரைய உருவி தண்ணில போட்டு வெச்சிருக்கீங்களே" என்று முறத்தில் அள்ளிக்கொண்டு போனாள். மத்தியானம் அதிகாரிக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பொரியலை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். கை கழுவும்போது என்னிடம் சொன்னார்: "மழை வரட்டும், அசோலாவைத் திரும்ப அனுப்பி வைக்கிறேன். நீங்க நாலு பேரும் பக்கத்து ஊருங்களுக்குப் போய்ச் சொல்லணும். எப்படி வளர்க்கணும்னு சொல்ல ஆளுங்க இருக்காங்க. எங்க வுடக் கூடாதுன்னு சொல்லத்தான் ஆளே இல்ல."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தோம். ஐப்பசியில் நிஜமாகவே ஆர்டர் வந்தது. கூடவே ஈரச் சாக்கில் கட்டிய அசோலாவும் வந்தது.

முதலில் போனது செங்கம் போகிற வழியில் ஒரு கிராமம். பள்ளிக்கூட மைதானத்தில் மைக் வைத்திருந்தார்கள். முன்னால் ஐம்பது அறுபது பேர், பாதிக்கு மேல் பெண்கள். நான் குறிப்பெல்லாம் எழுதி, திருப்பிப் படித்தும் வைத்திருந்தேன். மைக் முன்னால் போய் நின்றேன். தழைச்சத்து என்றேன். கூட்டம் என்னைப் பார்த்தது. திரும்பவும் தழைச்சத்து என்றேன். மூன்றாம் தடவையும் அதே சொல் வந்தபோது அம்மா எழுந்து வந்து என்னை நகர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக மைக் பிடிக்கிறவள். அடுப்பை ஊதுகிற மாதிரி அதில் ஒரு ஊது ஊதினாள். முன்வரிசையில் இருந்த கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தன. "அழாதீங்கடா, நான்தான்" என்றாள் மைக்கிலேயே. கூட்டம் சிரித்தது. அப்புறம் சாவகாசமாக ஆரம்பித்தாள். தொட்டி எந்தப் பக்கம் நிழலில் இருக்க வேண்டும், எவ்வளவு சாணி, எப்படி அலச வேண்டும், எருமைக்கு முதல் நாள் எவ்வளவு வைக்க வேண்டும், அது முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும். ஒரு பெண் எழுந்து தன் மாடு இரண்டு நாளாக அசை போடவில்லை என்றாள். அம்மா அதற்கும் பதில் சொன்னாள். இன்னொருத்தி தன் மாமியாரைப் பற்றி ஏதோ கேட்டாள். அதற்கும் பதில் சொன்னாள். சித்தப்பா நன்றியுரைக்காக மூன்று முறை எழுந்து மூன்று முறையும் உட்கார்ந்தார்.

பாய்க்கு அன்று பதினோரு தொட்டிக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். அளவை எல்லாம் சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் அம்மாவைத் தேடினேன். மைதானத்தில் காணோம். யார் வீட்டுத் தொழுவத்திலோ, சுற்றிலும் பத்துப் பேர் நிற்க, அசை போடாத அந்த மாட்டின் வாயைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த பஸ்ஸுக்குப் போலாம்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "புஸ்தகத்த எடுத்துக்கினு இங்க வா. இத எழுது."